ஐஸ் பெட்டிக்குள் வைத்த கையெழுத்து

நனைந்த புத்தகத்தை ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும் என்று ஒரு பாடத்தில் படித்தபோது, பாடம் நடத்துகிற அம்மாளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். தண்ணீரில் கெட்ட சாமானை யாராவது மறுபடி குளிருக்குள் கொண்டுபோய் வைப்பார்களா? தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அப்போதெல்லாம் எனக்கு எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும், கூடவே சந்தேகமும் வரும். இப்போதும் அப்படித்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் ஒரு சங்கம் நடத்திய நூலகத்தில் நான் நூலகராக இருந்தேன். இரண்டு அறைகள், சுவரோரமாக ஸ்டீல் பீரோக்கள், ஒரு நீள மேஜை, சாயங்காலமானால் ஷிப்ட் முடிந்து பேப்பர் படிக்க வருகிற மில்காரர்கள். நூலகர்களுக்கு வருகிற ஒரு செய்தி மடலின் மூலையில் நாலு வரி போட்டிருந்தார்கள். பழைய புத்தகங்களையும் ஆவணங்களையும் பாதுகாக்கும் முறைகளை இன்டர்நெட் வழியாக இலவசமாகச் சொல்லித் தருகிறோம், ஈமெயில் முகவரி இருந்தால் போதும் என்று. எனக்கு ஈமெயில் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் ‘போதும்’ என்ற வார்த்தை பிடித்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு உரக்கடையின் மாடியில் அப்போதுதான் ஒரு ப்ரௌசிங் சென்டர் வந்திருந்தது. அதை வைத்திருந்தவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எதைச் சொன்னாலும் ‘அவுனா?’ என்று கண்ணை விரிப்பார். ‘அப்படியா’ என்பதை அப்படித்தான் கேட்பார். அவர்தான் எனக்கு முகவரி போட்டுக் கொடுத்தார். வாரம் ஒரு பாடம் வரும். டெலிபோன் லைனில் மாட்டிய மோடம் முதலில் கழுத்தை நெரித்த கோழி மாதிரி கத்தும். பிறகு எங்கேயோ போய் ஒட்டிக்கொண்டு ஒரு சீறல் சீறும். அப்புறம் எழுத்துகள் வரிவரியாக இறங்கி வரும். ஒவ்வொரு தடவையும் என் கை தானாக நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொள்ளும். வானத்திலிருந்து யாரோ நமக்கென்று கடுதாசி போடுவதைப் பார்த்தால் வேறு என்ன செய்வது?

பாடம் நடத்திய அம்மாள் ஏதோ ஒரு குளிர் நாட்டில் இருந்தார். முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. எங்கள் வகுப்பில் ஒருவர் தீவில் இருந்தார், இன்னொருவர் பாலைவனத்து ஊரில் இருந்தார். அவரவர் நூலகத்தில் என்ன தொந்தரவு என்று எழுதச் சொன்னார்கள். நான் கரையானையும் ராமபாணப் பூச்சியையும் எழுதினேன். தீவுக்காரரும் அதையேதான் எழுதியிருந்தார். அவர் எழுதியதை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் போட்டு வாங்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது எனக்குப் புல்லரித்தது. உலகம் பூராவும் ஒரே பூச்சிதான் தின்கிறது, உலகம் பூராவும் என்னை மாதிரி யாரோ ஒருத்தி அதன் பின்னாலேயே துணியை வைத்துக்கொண்டு ஓடுகிறாள்!

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம் என்று ஒருமுறை எழுதிவிட்டேன். தாளில் கறை பிடிக்கும் என்று அந்த அம்மாள் திட்டவில்லை. பூஜையை நிறுத்தவும் சொல்லவில்லை. ‘புத்தகத்துக்குப் பதிலாகப் பீரோவின் நெற்றியில் பொட்டு வைத்தால் உங்கள் தெய்வம் கோபித்துக்கொள்ளுமா?’ என்று கேட்டிருந்தார். யோசித்துப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளும் என்று தோன்றவில்லை. அந்த வருஷத்திலிருந்து எங்கள் பீரோக்கள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு நின்றன.

இனி எங்கள் நூலகத்துக்கு வந்துபோகிற அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதுகளில் அவர் ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் இளவட்டங்கள் சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை நடத்துவார்கள். மாதம் ஒரு பிரதிதான், வேறு பிரதி உலகத்திலேயே கிடையாது. அது கைமாறிக் கைமாறி ஊரைச் சுற்றி வரும். அண்ணாச்சி நடத்திய பத்திரிகை சலூன், டீக்கடை, மில் கேன்டீன் என்று சுற்றி, பஸ் ஏறிச் சேத்தூருக்கும் சுந்தரபாண்டியத்துக்கும் போய்விட்டுத் திரும்பும். யார் கதை கொடுத்தாலும், யார் கவிதை கொடுத்தாலும், முழுவதையும் அவரே தன் கையால் மறுபடி எழுதுவார். அச்சுக் கோத்த எழுத்து தோற்றுப்போகும். கதை படிக்கிற பழக்கமே இல்லாதவர்கள்கூட எழுத்தைப் பார்ப்பதற்காக வாங்கிப் பார்ப்பார்கள்.

பிறகு ஒரு நாள் மில்லில் மெஷின் அவருடைய வலது கை விரல்களைக் கொண்டுபோய்விட்டது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. மில்லில் கேட் வேலை போட்டுக் கொடுத்தார்கள். இடது கையால் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டார், அதற்கு மேல் அந்தக் கை எழுத மறுத்துவிட்டது. பத்திரிகை நின்றது. இதழ்களையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டு எங்கள் நூலகத்தில் கொடுத்துவிட்டார். ஆனால் தினமும் சாயங்காலம் வந்துவிடுவார். ஏதாவது ஒரு இதழை எடுத்துத் தரச் சொல்வார். மேஜையில் விரித்து வைத்து, அந்த மொட்டைக் கையைப் பக்கத்தின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. “எத்தன தடவதான் படிப்பீய அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டேன்.

“படிக்கலம்மா. எங் கையப் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றார்.

அடுத்த நாளிலிருந்து அவர் கேட்கிற இதழைத் துணியால் துடைத்துக் கொடுத்தேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. மொட்டை மாடியில் தண்ணீர் போகிற ஓட்டையை வேப்பிலைச் சருகு அடைத்துக்கொள்ள, தண்ணீர் சுவர் வழியாக இறங்கியிருக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் தரையெல்லாம் தண்ணீர். பெரிய புத்தகங்கள் எல்லாம் மேல் தட்டில் தப்பித்துக்கொண்டன. கீழே இருந்த தகரப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே தண்ணீர் நின்றது. வெறும் தண்ணீர் இல்லை, நீலத் தண்ணீர். 

யாரோ போய்ச் சொல்லி அண்ணாச்சி வந்துவிட்டார். பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். சங்கத் தலைவரும் வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் எதையும் கையால் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது அவருக்கு. “இஸ்திரிப் பெட்டிய வச்சு ஒரு தேய் தேய்ச்சா சரியாப் போயிரும்” என்றபடி குனிந்து ஒரு இதழின் அட்டையைப் பிரித்தார். பக்கம் அவர் கையோடு வந்துவிட்டது.

“கைய எடுங்க!” என்று கத்தினேன்.

சம்பளம் கொடுக்கிறவரைப் பார்த்துக் கத்துகிறோமே என்ற நினைப்பு ரெண்டு நிமிஷம் கழித்துத்தான் வந்தது. ஈரப் புத்தகத்தைப் பிரிக்காதே, அழுத்தாதே, ரெண்டு மூணு நாளுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்று பாடத்தில் வாசித்தது என் வாய்க்குள்ளிருந்து தானாக வந்துகொண்டிருந்தது. வெயிலில் வைக்கலாம் என்றால் வெயிலைக் கண்ணால் கண்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. தலைவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, “அப்ப நீங்களே பாத்துக்கோங்க. என்னக் கேட்டா, பழைய பேப்பர்காரன்ட்ட போட வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“விட்டுரு தாயி. வெரலே போயிருச்சு, அது எழுதுனது இருந்து என்ன செய்யப் போகுது?” என்றார் அண்ணாச்சி. 

“நீங்க பேசாம எங்கூட வாங்க” என்று அவரையும் இழுத்துக்கொண்டு ப்ரௌசிங் சென்டருக்கு ஓடினேன்.

மழைக்கு டெலிபோன் லைன் கிடைப்பதும் போவதுமாக இருந்தது. மோடம் கத்தும், அறுந்துபோகும், மறுபடி கத்தும். மத்தியானம் தாண்டித்தான் ஒட்டிக்கொண்டது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஒரு மனிதருடைய கையெழுத்து நனைந்துவிட்டது, அவருக்கு இனிமேல் எழுத விரல் இல்லை, என்ன செய்ய வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். பதில் நாளைக்கு வருமோ, அடுத்த வாரம் வருமோ? சென்டர்காரர் டீ வாங்கி வந்து கொடுத்தார். டீ ஆறுவதற்குள் பதில் வந்து நின்றது.

இன்றைக்குப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உரக்கடை மாடியில், யூரியா வாடைக்கு நடுவில், கடல் தாண்டி எங்கேயோ அப்போதுதான் விடிந்திருந்த ஊரில் ஒருத்தி என் ஒருத்திக்காகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. ‘பயப்படாதீர்கள். நான் இங்கேயே இருக்கிறேன். என்ன மை என்று கேட்டுச் சொல்லுங்கள்’ என்று எழுதியிருந்தாள்.

அண்ணாச்சியைப் பார்த்தேன். “பேனா மை. ராயல் ப்ளூ” என்றார். அதை எழுதி அனுப்பினேன்.

‘அந்த மை தண்ணீரோடு நடந்து போய்விடும். அது நடக்காமல் நிறுத்த ஒரே வழிதான் உண்டு. பிரிக்காமல் மெழுகுத் தாளில் சுற்றி, உடனே உறைய வையுங்கள். இன்றைக்கே.’ நான் கேள்விக்குறி போட்டு ஒதுக்கிய அதே பாடம்!

“ஐஸ்லயா?” என்றார் அண்ணாச்சி.

“அவுனா?” என்றார் சென்டர்காரர்.

ஐஸ் பெட்டிக்கு எங்கே போவது? ஸ்ரீவில்லிபுத்தூரில் என் சித்தி வீட்டுத் தெருவில் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனி இருந்தது. சின்னக் கம்பெனிதான். மழைக்காலத்தில் யார் ஐஸ் வாங்குவார்கள், பெட்டிகள் சும்மா கிடக்கும் என்று ஒரு கணக்குப் போட்டேன். நூலகத்துக்குத் திரும்பி, இதழ்களை அப்படியே பிளாஸ்டிக் கூடையில் அடுக்கி, மேலே ஒரு துண்டைப் போட்டு, ரெண்டு பேரும் பஸ் ஏறினோம். கூடையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீலம் வடிந்தது. கண்டக்டர், “என்னக்கா, மீனா?” என்று கேட்டார். நான் அவரைப் பார்த்த பார்வையில் மேற்கொண்டு கேட்காமல் போய்விட்டார்.

ஐஸ் கம்பெனிக்காரர் நெற்றி நிறைய நாமம் போட்டு, தினமும் கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் கடையைத் திறக்கிறவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

“இந்த அம்மாவுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“அவிய சொல்றது நெசந்தான். வெளிநாட்டுல இருந்து ஒரு அம்மா சொல்லிருக்காவ” என்றார் அண்ணாச்சி.

“வெளிநாட்டம்மா சொன்னா? எம் பெட்டிக்குள்ள திங்கிற சாமான் தவிர எதையும் வச்சதில்ல. பொஸ்தகத்துக்குள்ள பூச்சி கீச்சி இருந்தா?”

“இந்தக் குளிர்ல எந்தப் பூச்சிய்யா உசுரோட இருக்கும்?” என்று சீறினேன்.

அவர் கூடைமேல் கிடந்த துண்டை விலக்கி, மேலாக இருந்த இதழின் அட்டையைப் பார்த்தார். அட்டைத் தலைப்பு கருப்பு மையில் எழுதியது, அது மட்டும் கலையாமல் இருந்தது. செத்த நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். “இது கையால எழுதுனதா?” என்றார். அண்ணாச்சி தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார்.  தெரு முனைப் பால்கோவாக் கடைக்குக் கம்பெனிக்காரரே போய், பால்கோவா சுற்றுகிற வழுவழுப்புத் தாளைக் கத்தையாக வாங்கி வந்தார். மூன்று பேருமாக உட்கார்ந்து ஒவ்வொரு இதழையும் சுற்றி, பெட்டிக்குள் தட்டையாக அடுக்கினோம். மூடியைச் சாத்தும்போது குளிர்ப்புகை மேலே வந்தது.

“தை வரைக்கும் இருக்கட்டும். மாசிக்குப் பொறவு எனக்கு வியாபாரம்” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணாச்சி, “எங் கைய ஐஸ்ல வச்சுட்டுப் போறேன்” என்று சொல்லி முதல் முறையாகச் சிரித்தார். கார்த்திகை, மார்கழி பூராவும் சனிக்கிழமை தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலை என்ற குன்றின் பெருமாளைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார். பெருமாளைப் பார்த்தாரோ இல்லையோ, ஐஸ் பெட்டியைத் திறந்து பார்க்காமல் வந்ததில்லை. கரண்டு போனால் கம்பெனிக்காரர் பெட்டிமேல் சாக்கைப் போட்டு மூடி வைப்பார் என்று வந்து சொல்வார்.

தை பிறந்து காற்று காய்ந்ததும், ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஈரம் உறிஞ்சுகிற ஒற்றுத்தாளைப் பக்கங்களுக்கு நடுவில் வைத்து உலர்த்தச் சொல்லியிருந்தார் அந்த அம்மாள். அத்தனை ஒற்றுத்தாளுக்கு நான் எங்கே போக? எங்கள் பக்கத்தில்தான் தெருவுக்குத் தெரு பேண்டேஜ் துணி நெய்கிறார்களே, வெளுத்த பேண்டேஜ் துணி ரத்தத்தையே உறிஞ்சுகிறது, மையை உறிஞ்சாதா என்று எழுதிக் கேட்டேன். ‘உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது’ என்று பதில் வந்தது. ஐஸ்கிரீம் விற்கிற பெட்டியில் அடைத்து நூலகத்துக்குக் கொண்டுவந்து, நீள மேஜை பூராவும் பேண்டேஜ் துணி விரித்து, மின்விசிறியைப் போட்டு, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இதழ்களைப் படுக்கவைத்தேன். வெளியே எடுத்தபோது பலகை மாதிரி விறைத்திருந்த இதழ் கண் முன்னால் இளகி, மூச்சு விட்டுப் பக்கம் பக்கமாகப் பிரிந்தது. இரண்டு மாதத்துக்கு முந்தின அந்தக் காலைப்பொழுது எந்த இடத்தில் நின்றதோ அங்கேயே நின்றிருந்தது. பூஞ்சை ஒரு பொட்டு இல்லை. சாமி கும்பிடுகிற மாதிரி கையைக் கூப்பிவிட்டேன்.

எல்லாம் பிழைத்தது என்று சொல்ல மாட்டேன். தகரப் பெட்டியில் மேலாக இருந்த இதழ்களில் எழுத்து வெளிறி நின்றது, கண்ணைக் கிட்டத்தில் வைத்தால் படிக்கலாம். நடுவில் இருந்தவற்றில் பாதிக்குப் பாதி. அடியில் கிடந்த ஒன்றைத்தான் கடைசியாக எடுத்தேன். அது பத்திரிகையின் கடைசி இதழ். அண்ணாச்சிக்குக் கை போனபோது அது ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. பல மாதம் கழித்துத்தான் யார் மூலமாகவோ திரும்பி வந்ததாம். வந்ததை அவர் பிரிக்கவே இல்லை, அப்படியே பெட்டியின் அடியில் செருகிவிட்டார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அதை ஒருநாளும் கேட்டதில்லை.

“பிரிம்மா. கடைசியா அந்தக் கை எழுதுனதப் பாத்துருவோம்” என்றார்.

பிரித்தேன். வெறும் நீலம். பக்கத்துக்குப் பக்கம் வானத்தைத் துடைத்துப் போட்டது மாதிரி நீலம், ஒரு எழுத்து இல்லை. நான் திருப்பத் திருப்ப அவர் ஒவ்வொன்றையும் பார்த்தார்.  எனக்கு அந்த மழையின்மேல், மாடியின்மேல், வேப்பமரத்தின்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உறைய வைக்க அரை நாள் முந்தியிருக்கக் கூடாதா?

மீதி நாலு பக்கம் இருந்தது. அதையும் திருப்பினேன். எழுத்து!

பளிச்சென்று, நேற்று எழுதினது மாதிரி. ஆனால் அவருடைய எழுத்து இல்லை. கோணலும் மாணலுமாகப் பத்துப் பதினைந்து பேர் கிறுக்கியிருந்தார்கள். வாசகர்கள் கருத்து எழுதுவதற்கென்று கடைசியில் விட்டுவைத்த பக்கங்கள் அவை. அண்ணாச்சி குனிந்து பார்த்தார், பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

“ரீஃபில் பேனா! எல்லாம் தண்ணியில கரையாத ரீஃபில் பேனா! ரீஃபில் பேனாவத் தொட்டா எழுத்துக் கெட்டுப் போகும், எவனும் எம் பத்திரிகைல அத வச்சு எழுதக் கூடாதுன்னு நான் வஞ்ச வசவு கொஞ்சமா? ஒரு பய கேக்கலயே! கேக்காததுதான் நின்னுருக்கு. நான் எழுதுனது போயிருச்சு பாரு.”

சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத சத்தம் அது. நான் பேச்சை மாற்றுவதற்காக அந்தக் கருத்துகளைச் சத்தமாகப் படித்தேன். ‘கதை சுமார், எழுத்து சூப்பர்.’ ‘அட்டைப் படத்தில் இருக்கிற பெண் யார், முகவரி தேவை.’ ‘டீ கொட்டிவிட்டது, கேன்டீன்காரரைக் கேட்கவும்.’ அவரும் ஒவ்வொன்றுக்கும் இவன் இன்னார், அவன் இன்னார் என்று ஆள் அடையாளம் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியாக ஒன்று, பெண் கையெழுத்து மாதிரி இருந்தது. பெயர் போடவில்லை.

‘ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். இதழைத் திருப்பித் தர நாலைந்து மாதம் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். என் மகன் எழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். உங்கள் எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தினம் ஒரு பக்கம் எழுத வைத்தேன். இப்போது அவன் எழுதினால் உங்கள் எழுத்துக்கும் அவன் எழுத்துக்கும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அதனால்தான் தாமதம்.’

அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

“இன்னொரு தடவ படிம்மா.”

படித்தேன்.

“அந்தப் பய இப்ப பெரிய ஆளாயிருப்பாம்ல?”

“ஆயிருப்பான் அண்ணாச்சி. வேலைக்குப் போயிருப்பான்.”

“எழுதிக்கிட்டு இருப்பாம்ல? எங்கிட்டாச்சும்?”

“எழுதாம எப்படி இருப்பான்?”

 மோடம் வழியாகக் கடல் தாண்டி எழுத்து வந்தபோது வாயைப் பிளந்தவள் நான். இங்கே ஒரு கையெழுத்து யாரையும் கேட்காமல், எந்தக் கம்பியும் இல்லாமல், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய் இத்தனை வருஷமாக எங்கள் பக்கத்திலேயே எங்கேயோ எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. மழை அதை என்ன செய்யும்?

அண்ணாச்சி தன் வலது கையை விரித்து, இல்லாத விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்ப அது மில்லுல போகலடா சாமி” என்றார்.

அன்றைக்கு அவர் வேறு இதழ் எதையும் எடுத்துத் தரச் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வாசலில் நின்று பார்த்தேன். பஜார்ப் பக்கமாக நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கடை முன்னாலும் நின்று, சிலேட்டில் சாக்பீஸால் எழுதிப் போட்டிருந்த விலையையும், சுவரில் கையால் எழுதி ஒட்டியிருந்த நோட்டீஸையும் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்.